மாமா எங்கள் வீட்டிலேயே கழுவிய ஃபிலிம்

எங்கள் மாமாவுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. ஊரே கைத்தொலைபேசியில் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கேமராவில் போட்டுக்கொண்டு திரிவார். எடுத்ததை சிராங்கூன் சாலையில் தெரிந்தவர் கடையில் கழுவக் கொடுப்பார். கடைக்காரர் வேலையில் சுத்தம். ஆனால் ஒவ்வொரு படமாகப் பார்த்து, இவர் யார், அவருக்கு என்ன ஆச்சு என்று துருவாமல் விடமாட்டார்.

அதனால்தான் தன்னைப் படம் எடுக்கச் சொன்ன அம்மா ஒரு நிபந்தனை போட்டார். "கடைக்குப் போகக் கூடாது. நீயே கழுவு. இன்னொரு வாட்டி தலைத்துணிய அவுத்துட்டு உட்கார மாட்டேன், சொல்லிட்டேன்." மருத்துவமனைச் சிகிச்சையில் அம்மாவின் முடி மொத்தமும் கொட்டியிருந்தது. எட்டு வயதான என்னிடம் முருகனுக்கு வேண்டுதல் என்று சொல்லியிருந்தார்கள். நானும் வகுப்பு முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தேன்.

மாமா அதுவரை சொந்தமாகக் கழுவியதே இல்லை. சனிக்கிழமை எங்கள் மார்சிலிங் வீட்டுக்கு வந்து, அரிசி மூட்டையை வெளியே தள்ளிவிட்டு, குண்டு விழுந்தால் ஒளிய வீட்டோடு கட்டித் தந்திருந்த, ஜன்னலே இல்லாத பாம் ஷெல்டர் அறைக்குள் கதவை மூடிக்கொண்டார். அந்த இருட்டில்தான் ஃபிலிமை டப்பாவுக்குள் சுற்ற முடியும். கழுவும் திரவம் இருபது டிகிரியில் இருக்க வேண்டுமாம். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரோ எப்போதும் வெதுவெதுப்பு. வாளியில் ஐஸ் கட்டி போடுவது என் வேலை.

"தம்பி, இதுக்கு ஐஸ் கச்சாங் கடை போட்டிருக்கலாம் லா," என்றார் அம்மா. மாமா சிரிக்கவில்லை. வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ரோல், கெட்டால் கெட்டதுதான்.

கெடவில்லை. ஈரச் சுருளைத் தூக்கிப் பிடித்தபோது, ஜன்னல் வெளிச்சம் பட்டிருந்த அம்மாவின் தலை அதில் கன்னங்கரேலென்று தெரிந்தது. ஃபிலிமில் வெளிச்சம் கறுப்பாக விழும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? "அம்மா, உங்களுக்கு முடி வந்துடுச்சு," என்று கூடத்துக்கு ஓடினேன். அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காய்ந்ததும் அம்மா அதை ஓர் உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். "இது உனக்குத்தான். பத்திரமா வச்சுக்கோ."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "நீங்கதான் தினமும் வீட்டுலயே இருக்கீங்களே. உங்க படம் எனக்கு எதுக்கு?" என்று கேட்டேன். அம்மா என் சட்டைக் காலரைச் சரிசெய்தார், மாமா வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டார். சரியான கேள்வி கேட்டுப் பெரியவர்களை மடக்கிவிட்டேன் என்ற நினைப்பில் கீழே விளையாடப் போய்விட்டேன்.