மல்வீனா கண்டுபிடித்த மீன்

மீன் விஷயத்தில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்பது மல்வீனாவின் எண்ணம். பர்காஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவள் நடத்திய பார்லரில் கண்ணாடிகளைவிட மீன்தொட்டிகள்தான் அதிகம். அந்த வசந்தத்தில், கப்பி மீன்கள் இருந்த தொட்டியின் அடியில் புதிதாக ஒருவன் குடியேறியிருந்தான். தவளைக் கண், உப்பிய கன்னம். அவன் வந்ததிலிருந்து கப்பிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

மீன் வளர்ப்போர் சங்கத் தலைவர் கலோயானுக்குப் போன் போட்டாள்.

"வயித்துக்குக் கீழ இருக்கிற துடுப்பு ரெண்டும் தனித்தனியா இருக்கா, ஒட்டியிருக்கா? அதைப் பாரு மொதல்ல," என்றார் அவர்.

மீன் கண்ணாடியில் ஒட்டி வயிற்றைக் காட்டும்வரை தொட்டிமுன் குந்தியிருந்தாள். தலையில் சாயத்தோடு காத்திருந்த வாடிக்கையாளரின் முடி அதற்குள் கேரட் நிறமாகிவிட்டது.

"ஒட்டித்தான் இருக்கு. கிண்ணம் மாதிரி."

"அப்ப உளுவைதான். எந்த உளுவைன்னுதான் தெரியல. எங்க வாங்குன?"

"வாங்கவே இல்லையே."

கடையில் வாங்கிய நீர்ச்செடியோடு முட்டையாக வந்திருக்கும், செடி ஆசியாவிலிருந்து வந்தது, ஆகவே மீன் நியூ கினித் தீவுக்காரன் என்று முடிவுகட்டினாள். புத்தகப் படங்களோடு ஒப்பிட்டாள். பொருந்தாத இடத்திலெல்லாம் படம் வரைந்தவரைக் குறை சொன்னாள். "ஐரோப்பாவுலயே இது எங்கிட்ட மட்டும்தான் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே ஊர்ப் பெண்களின் முடியை வெட்டினாள்.

கடற்கரை உணவகத்தில் சங்கத்தின் ஆண்டு விருந்து. மல்வீனா பேசுவதாக ஏற்பாடு. புது உடுப்பே தைத்திருந்தாள். முதலில் பீர் வந்தது. கூடவே, எப்போதும்போல, மாவில் புரட்டி முழுசாக வறுத்த போப்சே என்ற உள்ளூர்ச் சின்ன மீன். ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். அந்தக் கன்னத்தை அவள் தினமும் காலையில் பார்க்கிறாள். திருப்பினாள். வயிற்றில் அதே கிண்ணம், மொறுமொறுவென்று.

தொட்டி மீன்களுக்காக ஞாயிறுதோறும் பக்கத்து ஏரியில் புழு அள்ளுவது அவளேதான். அந்த வாளியில்தான் அவனும் வந்திருக்க வேண்டும்.

கலோயான் அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். நியூ கினியைப் பற்றியே பேசி முடித்திருக்கலாம். அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் எழுந்து தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"நான் கண்டுபிடிச்ச மீனைப் பத்திப் பேச வந்தேன். அதுக்குள்ள பாதியை நீங்களே தின்னுட்டீங்க."

புரியக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு சிரிப்பு அடங்கவில்லை.

"எனக்குமே தெரியலையேம்மா. பால்குடி மறந்ததுலேருந்து இதைத்தான் தின்னுட்டிருக்கேன்," என்றார் கலோயான்.

"நீங்க வறுத்ததைத்தானே பார்த்திருக்கீங்க."

மறுநாள் அவனை ஏரியில் விட்டுவிடலாம் என்று வலையோடு தொட்டிக்குப் போனாள். அவன் உள்ளே கிடந்த ஓட்டுத்துண்டுக்கு அடியில் குழி பறித்து வாசலில் உட்கார்ந்திருந்தான். கை விட்டதும் கடித்தான். "சரி, இருந்து தொலை," என்று வலையை மடித்து வைத்தாள். மிச்சமிருந்த ஐந்தாறு கப்பிகளை வேறு தொட்டிக்கு மாற்றினாள். அதை முன்பே செய்திருக்கலாம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.