வேம்புலியம்மாள் வீட்டு ரயில் சுவர்

ஒரே ஒரு வார்த்தை. "ஆமா சார், என் கைதான்" என்று வேம்புலியம்மாள் அன்றைக்கு அந்த அதிகாரியிடம் சொல்லியிருந்தால் இளங்கோ வட்டச் செயலாளர் ஆகியிருப்பான். சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷமாகத் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டு, கூட்டம் என்றால் நாற்காலி போட்டுக்கொண்டு, இன்னமும் தொண்டனாகவே கிடக்கிறான். அவனுக்குப் பின்னால் கட்சிக்கு வந்தவன் எல்லாம் காரில் போகிறான். யார் கேட்டாலும் அவன் சொல்வது ஒன்றுதான்: "எங்க அத்தைதான் என்னைக் கவுத்துட்ச்சு."

அத்தை என்றால் ரத்த சொந்தம் இல்லை. அம்பத்தூருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவே தண்டவாளத்தை ஒட்டிப் போகிற சந்தில் அடுத்தடுத்த வீடு. இளங்கோவின் அம்மா வேலைக்குப் போய்விட்டால் அவனுக்குச் சோறு வேம்புலியம்மாள் வீட்டில். அவள் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் சமையல் செய்தாள். புருஷன் லோடு அடிக்கிறவன். காமாலையில் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். ஒரே மகளைப் பூந்தமல்லியில் கட்டிக் கொடுத்தாள்.

அந்தக் காலத்து அம்பத்தூர் வேறு. காலையில் சங்கு ஊதினால் சந்து முழுக்க சைக்கிள். சாயங்காலம் வேம்புலியம்மாள் திரும்பி வரும்போது புடவையில் சாம்பார் வாசனை அடிக்கும். தூக்குச்சட்டியில் மிச்சம் இருந்த வடை இருக்கும். எஸ்டேட்டில் ஷெட்டை இடித்தபோது பழைய செங்கல்லைக் கேட்டு வாங்கி, நடை நடையாகக் கொண்டுவந்து, தண்டவாளத்துப் பக்கம் நாற்பதடிக்குச் சுவர் எழுப்பினாள். கொத்தனார் பாதியில் ஓடிப்போக, மீதியை அவளே பூசினாள். அதனால் சுவரின் ஒரு பாதி வழவழ, இன்னொரு பாதி மேடு பள்ளம்.

அந்தச் சுவரை ரயிலில் போகிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் அவள் வாசலில்தான் நிற்பார்கள். நீலமும் சுண்ணாம்பும் வச்சிரப் பசையும் கலந்த வாசனை ஒரு மாசம் சந்திலிருந்து போகாது. சிரிக்கிற முகங்கள், கைகூப்புகிற முகங்கள், ஒரு ஆள் உயரத்துக்கு எழுத்து. இளங்கோவுக்கு இப்போதும் அந்த வாசனை எங்கேயாவது அடித்தால் லாரியின் வேகம் தானாகக் குறையும்.

அவளுக்குப் படிப்பு கிடையாது. ஐம்பதை ஒட்டிய வயதில் அறிவொளி வகுப்பில் போய் உட்கார்ந்தாள். எழுத்தை வகுப்பில் கற்றாள், படித்துப் பழகியது தன் சுவரில். மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் நின்று, உதட்டை அசைத்து, வேட்பாளர் பெயரை எழுத்துக் கூட்டுவாள். "தோத்தவன் பேரு சுளுவா கீது, ஜெயிச்சவன் பேருதான் வாயில வரல" என்பாள். சம்பள நாளில் மை டப்பாவைத் தள்ளிவிட்டு, முதல் முறையாகத் தன் பெயரை முழுசாக எழுதினாளாம். சூப்பர்வைசர் வாயைப் பிளந்தாராம். அன்றைக்குச் சந்துக்கே கேசரி கிண்டிப் போட்டாள். இளங்கோ இரண்டு தரம் வாங்கித் தின்றான்.

அப்புறம்தான் அந்தத் தேர்தல் வந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் ஆவடி நகராட்சி, இந்தப் பக்கம் அம்பத்தூர் நகராட்சி. ஆவடிப் பக்கத்து அதிகாரி சுவரில் எழுதவே கூடாது என்று எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டார். அம்பத்தூர்ப் பக்கத்தில், வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் கொடுத்தால் எழுதலாம் என்றார்கள். கண்ணுக்கு எட்டியவரை ரயிலுக்குத் தெரிகிற மாதிரி மிஞ்சியது அம்பத்தூர்ப் பக்கம் இருந்த வேம்புலியம்மாள் சுவர் ஒன்றுதான்.

"அந்த செவுத்த புடிச்சிகினு வா, வட்டம் உனுக்குத்தான்" என்றார் கட்சியின் பெரிய ஆள்.

இளங்கோ இரண்டு நாள் லாரியை நிறுத்திவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். கை வெந்துபோனது. அவள் கேண்டீனுக்குப் போயிருந்தாள். சம்மதக் கடிதத்தை டீக்கடையில் உட்கார்ந்து ஒருவரிடம் எழுதி வாங்கினான். கீழே அவள் பெயர் இருந்த இடத்தில் தன் கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தான். அத்தைதானே, அவளிடம் என்ன கேட்பது!

மூன்றாம் நாள் அதிகாரி விசாரிக்க வந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தாளை நீட்டினார். "இது உங்க கைநாட்டாம்மா?"

வேம்புலியம்மாள் தாளைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற இளங்கோவைப் பார்த்தாள். அவன் விரலில் மை இன்னும் போகவில்லை.

"இது எவன் வெரலோ எனுக்குத் தெரியாது சார். நான் கையெழுத்துப் போடுவேன்."

அவர் பேனாவையே வாங்கி, அந்தத் தாளின் பின்பக்கம் தன் பெயரை எழுதிக் காட்டினாள். பெரிய பெயர். அதிகாரி முடியும்வரை காத்திருந்தார். பிறகு கடிதத்தைக் கிழித்துப் போட்டார். ஆளைத் தேடிக் கேஸ் போடாமல் போனது அவர் நல்ல மனசு.

மறுநாள் சைக்கிள் கடை ஜுல்ஃபிகர், எதிர்க்கட்சிக்காரன், இளங்கோவின் கூடப் படித்தவன், அவள் வீட்டுக்குப் போய், தண்ணீர் வாங்கிக் குடித்து, "உங்க செவுரு வேணும்மா" என்று கேட்டான். கேட்டதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் ரயில்கள் எல்லாம் அவன் சின்னத்தைப் பார்த்துக்கொண்டே போயின.

"மச்சான், சுண்ணாம்பு உன்து, சின்னம் என்து" என்றான் ஜுல்ஃபிகர்.

அதோடு இளங்கோ அவள் வீட்டுப் படி ஏறவில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரியைச் சந்துமுனையில் நிறுத்தி ஹாரன் அடிப்பான். அவள் குடத்தோடு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைத் திறப்பான். குடம் நிறைந்ததும் மூடுவான். இருபத்தைந்து வருஷமும் இப்படியே போனது.

இந்தத் தேர்தலில் சந்துக்கு இரண்டு பக்கமும் மாநகராட்சி. எந்தச் சுவரிலும் ஒரு புள்ளி வைக்க முடியாது. ரயிலுக்கும் அவள் சுவருக்கும் நடுவே அடுக்குமாடி வந்துவிட்டது. பங்குனி வெயிலில் ஒருநாள் ஜுல்ஃபிகர் போன் செய்தான்.

"மச்சான், கெழவிக்கு முடியல. மவ வந்துகீது. உன்னத்தான் கேட்டுகினே கீது."

"என்னை இன்னாத்துக்குக் கேக்குது?"

"அத நீயே வந்து கேளுடா. நான் இன்னா உனுக்கு தபால்காரனா?"

போனான். கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தாள். அவனைக் கண்டதும் கண் மட்டும் பழைய மாதிரி ஆனது.

"இன்னாடா நைனா, தொப்ப போட்டுகின."

"உன் சோத்த நிறுத்தின பொறவும் தொப்பதான் அத்தே."

சிரித்தாள். இருமல் வந்தது. அவன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். கேட்கக் கூடாது என்றுதான் வந்தான். வாய் கேட்டுவிட்டது.

"அன்னிக்கு ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா அத்தே?"

"எந்த அன்னிக்கு?" என்றவள், உடனே புரிந்துகொண்டாள். "அதுவா! என் கேசரிய ரெண்டு வாட்டி துன்னவன் நீ. இன்னாத்துக்குக் கேசரின்னு தெரிஞ்சிதானே துன்ன? அப்பால உன் வெரல எடுத்து என் பேருக்குக் கீழ வச்சியே. கேட்டிருந்தா பத்து கையெழுத்துப் போட்டிருப்பேனேடா, பாவி."

இளங்கோ தலையைக் குனிந்து தன் கட்டை விரலைப் பார்த்தான். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் சுமந்ததில் தோள் மட்டும் வலித்தது.

"உட்டுடு அத்தே. என் தப்புதான்."

"தெரியும், தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தாள். ஒரு மின்சார ரயில் போய் முடிந்தது. தூங்கிவிட்டாள் என்று அவன் எழுந்தபோது கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"டேய், நேத்து உங்க கட்சிக்காரப் பசங்க வந்து கதவுல ஸ்டிக்கர் ஒட்டிட்டானுங்க. ஊட்ல ஆளு கீதா, இல்லியான்னு ஒருத்தனும் கேக்கல. எதிர்ப்பக்கத்து ஊட்லலாம் ஆவடி மாநகராட்சிக்காரங்க வந்து சொரண்டிட்டுப் போயிட்டாங்களாம், இங்க ஒருத்தனையும் காணோம். போறப்ப அந்த ஸ்டிக்கர நீயே உரிச்சிட்டுப் போ."