முதல் மூன்று குடம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். வண்டியைப் பூட்டிவிட்டு மூன்று தடவை திரும்பிப் பார்க்கிற ஆள். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, "பத்து நாள் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது" என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா சரக்குத் தோணியில் மாலத்தீவு போயிருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அம்மா முன்னாலேயே சொல்லிவிட்டாள்: "வீட்டு வேல ஓடுத வரைக்கும் உக்காந்திருக்கேன். நின்னுச்சுன்னா எந்திச்சிருவேன், பாத்துக்கோ."

மூன்றாம் நாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். தவறவிடக் கூடாதே என்று குழாயடியிலேயே நின்று, முதல் சொட்டிலிருந்து பிடித்துக் குடிதண்ணீர் டிரம்மில் ஊற்றினேன். ஒரு பொட்டு வீணாக்கவில்லை. அந்தப் பெருமையில் டீ போட்டேன். பால் திரிந்தது. இன்னொரு பாக்கெட்டை வெட்டி ஊற்றினேன். அதுவும் திரிந்தது.

கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னலே, பாலு திரிஞ்சிட்டா? மொதத் தண்ணியவா டிரம்ல ஊத்துன?"

"ஆமா. ஏன்?"

"சேசுவே! குழாய்க்குள்ள கெடந்த உப்புத் தண்ணில்லா அது. கழுவத்தான் ஆகும்." சொல்லிக்கொண்டே காலைத் தரையில் வைத்துவிட்டாள்.

"எந்திக்காதம்மா!" ஓடிப்போய் டிரம்மைக் கவிழ்த்தேன். குழாய் இன்னும் நிற்கவில்லை. "எத்தன கொடம் விடணும்?"

"ஒரு நாளு மூணு, ஒரு நாளு அஞ்சு."

"பொறவு எப்படித் தெரியும்?"

"கையில பட்டாத் தெரியும்."

குடத்தைக் கட்டிலுக்கே தூக்கிக்கொண்டு போனேன். அவள் உட்கார்ந்தபடி விரலை நனைத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். "இது பாத்திரத்துக்கு." அடுத்த குடம்: "இது குடிக்க." நானும் தேய்த்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அம்மா காலை மறுபடி மேலே எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எனக்குப் பயத்தோடு அம்மாவின் நச்சரிப்பும் சேர்ந்துகொண்டது. கட்டிலில் படுத்திருந்தவள் மத்தியானம் திடீரென்று, "துணிய எடுலே, கடல்காத்து வந்துட்டு. இனி பிசுபிசுங்கும்" என்பாள்.

"உள்ள கெடந்துக்கிட்டு உனக்கு எப்படித் தெரியுது?"

"ஐஸ் கம்பெனி சத்தம் கேக்குல்லா? கடல்காத்து அடிச்சாத்தான் அது இங்கன வரும்."

அந்த ஐஸ் கம்பெனிக்குப் பதினாறு வருஷமாகப் போய்வருகிறேன். அதன் சத்தம் எங்கள் வீடு வரை வருவது எனக்குத் தெரியாது.

பத்தாம் நாள் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "கண்ணு நல்லா இருக்கு. இனி லேசான வேலை செய்யலாம்."

"லேசான வேலைன்னா எது சார்?"

"வீட்டு வேலைதாம்பா."

"தண்ணி புடிக்கலாமா?"

"குடம் தூக்கக் கூடாது."

"துணி தொவைக்கலாமா?"

"குனியணுமே, வேண்டாம்."

"மீனு கழுவ? வீடு தூத்துப் பெருக்க?"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். டாக்டர் பேனாவை மூடிவைத்து, கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்த அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து, "இன்னும் ஒரு வாரம் ஓய்வு" என்று சீட்டில் எழுதினார்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

"நாசமாப் போவான் அந்த டாக்டரு. இன்னும் ஒரு வாரம் உன் டீயவா குடிக்கணும்?"