பிரின்சியின் நெற்றிக்கு நான் கொடுத்த எண்ணெய்

1. முகத்தை மூடி வந்தவள்

குமுளியில் ஏலக்காயும் மூலிகை எண்ணெயும் விற்கும் கடையில் இருபத்தாறு வருடம் கவுண்டரில் நின்றவள் நான். எந்த எண்ணெய் எதற்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அதை இறக்கி வைத்தவள் பிரின்சி.

ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் வளர்ந்த பெண். ஒரு ரிசார்ட்டில் ஃப்ரண்ட் ஆபீஸ் வேலை கிடைத்திருந்தது. முகத்தில் பரு கிளம்பியதும் மேனேஜர் அவளை லாண்டரிக்கு மாற்றிவிட்டார். சீசன் தொடங்குவதற்குள் முகம் தெளியாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்றும் சொல்லிவிட்டார். அப்போதுதான் என்னிடம் முதல்முறை வந்தாள். நான் பருவுக்கென்று விற்கும் டீ ட்ரீ ஆயில் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

அதை நேராக முகத்தில் பூசக்கூடாது, எரிக்கும். வேறொரு எண்ணெயில் ஓரிரு சொட்டு கலந்துதான் பூச வேண்டும். அந்த எண்ணெய்க்குக் கடையில் கேரியர் என்று பெயர். டூரிஸ்ட் என்றால் விலை கூடிய ஜொஜோபா எண்ணெயைக் காட்டுவேன். தோட்டத்துப் பெண்தானே என்று, "வீட்ல இருக்குற தேங்காய் எண்ணெயிலயே கலந்துக்கோம்மா" என்று சொல்லி அனுப்பினேன். நல்லது செய்ததாகத்தான் நினைப்பு.

இரண்டு வாரம் கழித்து, கடை திறந்த கையோடு துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன ஆன்ட்டி குடுத்தீங்க? இருந்ததுக்கு மேல வந்திருச்சு. இனிமே லாண்டரிதான் எனக்கு."

2. முதலாளி கேட்டது

துப்பட்டாவை விலக்கச் சொன்னேன். அன்றைக்குத்தான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். முன்பு அவள் பேசப் பேச என் கண் ஷெல்ஃபில் இருந்தது. கன்னத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. பரு முழுக்க நெற்றியிலும் காதோரமும், முடி தொடங்குகிற இடத்தில் வரிசையாக இருந்தது. தலையிலிருந்து எண்ணெய் வழிந்து நெற்றி பளபளத்தது.

"தினமும் தலைக்கு எண்ணெய் வைப்பியா?"

"அம்மா வச்சு விடுவாங்க. வழிய வழிய வச்சாத்தான் அவங்களுக்குத் திருப்தி."

ஏற்கெனவே தேங்காய் எண்ணெயில் அடைபட்ட நெற்றிக்கு, மேலும் தேங்காய் எண்ணெயைப் பூசச் சொல்லியிருக்கிறேன்! எனக்கு வெட்கமாக இருந்தது. தலை எண்ணெயை நிறுத்து, முகத்துக்கு எந்த எண்ணெயும் வேண்டாம், சாதாரண சோப்பில் இரண்டு வேளை கழுவு, குறையாவிட்டால் தோல் டாக்டரிடம் போ என்றேன்.

பின்னால் நின்ற முதலாளி, கோட்டயத்துக்காரர், சிரித்தார்.

"கொள்ளாம், நல்லா இருக்கு ஸ்டெல்லா! எண்ணெய் விக்கிற கடையில நின்னு எண்ணெய் வேண்டாம்னு சொல்லுற. நாளைக்கு நான் ஷட்டரை இறக்கணுமா?"

"இந்தப் புள்ள இந்த மூஞ்சியோட நாலு கடை ஏறி நம்ம எண்ணெய்னு சொன்னா, ஷட்டர் தானா இறங்கிரும் சேட்டா" என்றேன்.

3. அம்மா வந்த நாள்

அடுத்த வாரம் பிரின்சியின் அம்மா வந்தார். தோட்டத்து வேலை முடிந்து, தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தார். சண்டைக்கு என்றே நினைத்தேன்.

"எண்ணெய் வைக்காதேன்னு சொன்னது நீங்களாக்கா?"

"ஆமா. எண்ணெய்தான் அவ நெத்தியைக் கெடுக்குது."

"அது சரிதான். பரு அமுங்கிட்டு வருது, நானும் பாத்தேன்." தலைத்துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் ஏழு மணிக்குத் தோட்டத்துக்குப் போயிருவேன். அவ வீடு திரும்புறப்ப நான் அசந்து தூங்கிருவேன். காலையில எண்ணெய் வைக்கிற அந்தப் பத்து நிமிஷந்தான் எம்மககூட பேச்சு. இப்ப அவளே சீவிட்டு கிளம்பிருதா. என்ன பேசுறதுன்னே தெரியலக்கா."

எண்ணெய் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எண்ணெயைத்தானே நிறுத்தச் சொன்னேன்? சீப்பை யாரு நிறுத்தச் சொன்னா? தினமும் நீங்களே சீவி சடை போடுங்க. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி எண்ணெய் வச்சு, அன்னைக்கே நல்லா அலசி விட்டுருங்க."

சீசன் தொடங்குவதற்கு முன் பிரின்சி வந்தாள். ஃப்ரண்ட் ஆபீஸ் கோட், சட்டையில் பெயர்ப் பட்டை. நெற்றியில் இரண்டு மூன்று தழும்பு மட்டும். நூறு கிராம் ஏலக்காய் வாங்கினாள். திரும்பியபோது பார்த்தேன். வறண்ட முடிதான், ஆனால் சடை இறுக்கமாக, நேராக, ஒரு முடி பிசிறில்லாமல் பின்னியிருந்தது. தன் சடையைத் தானே அப்படிப் பின்ன முடியாது.

கவுண்டரில் நிற்க வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். பாட்டிலை எடுப்பதற்கு முன் முகத்தைப் பாருங்கள். எதையாவது நிறுத்தச் சொல்வதற்கு முன், அதைச் செய்துவிடுவது யார் என்று கேளுங்கள்.