ஒத்துக்கொள்ளாத மருந்து

அயர்லாந்தில் பல் வலித்தாலும் முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 'உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் உண்டா?' என்று அதில் ஒரு கேள்வி. இல்லாமலா? 'பட்டாசு மருந்து' என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார், என் பையை ஒரு முறை பார்த்தார். பிறகு அமாக்ஸிசிலின் எழுதித் தந்தார்.

அவர் மேல் குற்றமில்லை. பட்டாசு செய்தே பிழைக்கும் எங்கள் நாரணாபுரத்தில் மருந்து என்றால் முதலில் வெடிக்குள் போவதுதான். கல்லூரி விடுமுறையில், சீசன் நேரம், அக்கா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்கே, வெடிக்குழாய்களில் மருந்து செலுத்தப் போனேன். பத்தாம் நாள் நெஞ்சும் முதுகும் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிட்டன. "இவனுக்கு மருந்து ஒத்துக்கலப்பா. இனி கம்பெனிப் பக்கமே விடாதீக" என்று அக்கா அடித்துச் சொன்னாள். அப்பாவும் வேறு வழியில்லாமல் என்னை மேலே படிக்கவைத்தார். அந்தத் தடிப்புதான் என்னை விமானம் ஏற்றியது. ஆனாலும், ஊரே பிழைக்கும் மருந்து எனக்கு மட்டும் ஆகவில்லையே என்ற வெட்கம் இத்தனை வருடமாகப் போகவில்லை.

இங்கே மாத்திரை தின்ற மூன்றாம் நாள் அதே நெஞ்சு, அதே முதுகு, அதே சிவப்பு. கந்தக வாடையே இல்லாத ஊர்! அலறியடித்து ஓடினேன். உதடு வீங்குகிறதா, மூச்சு முட்டுகிறதா, கொப்புளம் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டு என் பழைய கதையைக் கேட்டார்.

"வெடிமருந்தைக் கையால்தானே அள்ளினீர்கள். கை தடித்ததா?"

யோசித்தேன். கையில் ஒன்றுமே இல்லை.

"அப்போது ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா?"

தொண்டை வலிக்கு ஒரு வாரம் கேப்ஸ்யூல் தின்றிருந்தேன். அதுவும் இந்த அமாக்ஸிசிலினும் ஒரே குடும்பம்தான் என்று சொல்லி, அவர் சிரிக்காமல் என் கோப்பில் 'பென்சிலின்' என்று சிவப்பு மையில் எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவை வீடியோவில் அழைத்தேன். வேலை விட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு ஒத்துக்காதது வெடிமருந்து இல்லையாம். அந்த கேப்ஸ்யூலாம்."

"தெரியும்லே. கம்பவுண்டர் அன்னைக்கே சொன்னாரு."

"பெறகு ஏன் பொய் சொன்ன?"

"மருந்து ஒத்துக்கலன்னுதானலே சொன்னேன். அதுல எது பொய்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒன் பேச்ச நம்பி அதையே திரும்பத் தின்னுருக்கேன். செத்துருந்தா?"

அவள் முகம் வாடிவிட்டது. "அம்புட்டு தூரம் நான் நெனைக்கலலே" என்றாள். மறுபடியும் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒனக்காச்சும் ஒத்துக்காமப் போச்சேன்னு நிம்மதியா இருந்துச்சு. எனக்குத்தான் எல்லா மருந்தும் ஒத்துக்கிருச்சு."

அங்கே அவள் விரலில் ஒட்டிய அலுமினியப் பொடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இங்கே நான் நெஞ்சைச் சொறிந்துகொண்டிருந்தேன்.