ஆர்லெட் பார்க்காத மலை

ஆர்லெட் வியால்தோன் எங்கள் சைக்கிள் சங்கத்தில் எப்போதும் கடைசியாகத்தான் வந்தார். வேகம் இல்லாததால் அல்ல. மலைப்பாதையில் கூட்டமாகப் போகும்போது ஒருவர் கடைசியில் வந்தே ஆக வேண்டும். பின்தங்குகிறவருக்குப் பின்னால் நின்று, சக்கரம் பழுதானால் பார்த்து, யாரும் காட்டில் தனியாக விடுபடாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இந்த வேலைக்கு எங்களிடையே துடைப்பம் என்று பெயர். அதற்கு ஒரே ஒரு விதி: கடைசி ஆளைத் துடைப்பம் முந்தக் கூடாது. அவர் நின்றால் நிற்க வேண்டும், இறங்கித் தள்ளினால் தானும் தள்ள வேண்டும். முன்பெல்லாம் முறை வைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்துவந்தோம். ஆர்லெட் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு திருப்பித் தரவே இல்லை.

பிழைப்பும் சக்கரத்தில்தான். சேந்தெத்தியென் நகரத்துச் சைக்கிள் தொழிற்சாலை ஒன்றில், சக்கரத்துக்குப் போக்ஸ் கம்பி கோர்க்கும் பிரிவில் பதினாறு வயதில் சேர்ந்தார். கோர்த்து முடித்த சக்கரத்தைச் சுழலவிட்டு, கம்பிகளை நகத்தால் சுண்டி, ஓசை கேட்டு முறுக்கைச் சரிபார்ப்பார். தொழிற்சாலை மூடிய பிறகு மருத்துவமனைச் சலவையறைக்குப் போனார். கணவர் லூசியன் சைக்கிள் ஏறியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தூண்டிலோடு ஆற்றங்கரைக்குப் போவார், இவர் எங்களோடு மலைக்கு வருவார். மாலையில் இருவரும் தத்தம் நாளைப் பற்றி ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொள்வார்கள் என்று ஆர்லெட்டே சொல்லுவார்.

எங்கள் ஞாயிறுகள் ஒரே ஒழுங்கில் நடந்தன. விடியலில் கிளம்பி, பிலா மலைப் பூங்காவின் ஊசியிலைக் காடுகள் வழியே ஏறி, ஒய்யோன் கணவாயில் மூச்சு வாங்குவோம். மறுபக்கம் பெலுசேனுக்கு இறங்கிப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குத் தாமதமாகிறவரை எங்கள் பக்கத்தில் யாரும் மன்னிப்பதில்லை. அதன்பின் ரோன் ஆற்றின் மேலே படிப்படியாக ஏறும் திராட்சைத் தோட்டங்கள் நடுவே சுற்றி, யாராவது ஒரு தோட்டக்காரரின் கொட்டகையில் வெள்ளை ஒயின் ஒரு கோப்பை குடித்துவிட்டு, அடிவாரத்துச் சமவெளிச் சாலையில் வீடு திரும்புவோம். ஆகவே கணவாயை நாங்கள் காலையில் மட்டுமே பார்த்திருந்தோம். அதில் ஏதும் விசித்திரம் இருப்பதாக எவருக்கும் தோன்றியதில்லை.

கணவாயில் நின்றால் கீழே ரோன் ஆறு, அதற்கப்பால் நீண்ட சமவெளி, அதன் முடிவில் ஆல்ப்ஸ் மலைத்தொடர். சில காலைகளில், முதலில் ஏறி வருகிறவர்களுக்கு அதிலேயே உயரமான மோன் பிளான் சிகரம் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஆற்றிலிருந்து மூட்டம் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிடும். கடைசி ஆளோடு ஆர்லெட் வந்து சேரும்போது பால் கொட்டியதுபோல இருக்கும்.

"அடடா, இப்பதானேம்மா இருந்துச்சு! அஞ்சு நிமிஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா?" என்பார் ஷோமா. எங்கள் சங்கத் தலைவர், இறைச்சிக்கடை வைத்திருந்தவர், குரலும் வயிறும் பெரியவை.

"போதும்யா. வருஷக்கணக்கா இதே கதை. என்னை மேட்டுல ஏத்தறதுக்குன்னு எல்லாருமாச் சேர்ந்து ஒரு மலையவே கட்டி விட்டிருக்கீங்க."

தனியாக இரண்டு முறை ஏறிப் பார்த்தார். இரண்டு முறையும் மூடுபனி. என் காரில் அழைத்துப்போகிறேன் என்றேன். "கார்ல போயிப் பாக்கறதுக்கு, பல் டாக்டர் வீட்டுக் காலண்டர்லயே பாத்துக்கலாம்" என்றுவிட்டார்.

லூசியன் இறந்த ஆண்டு, மகள் அவரை வடகோடியிலுள்ள டன்கெர்க்குக்கு வந்துவிடச் சொன்னாள். கடலோர ஊர், தட்டையான மண். வீடு விற்றாயிற்று. அக்டோபரில் பயணம். செப்டம்பரில் சங்கம் கூடியபோது கேலிக்குக் குறைவில்லை.

"டன்கெர்க்குல எதம்மா ஏறுவ? மாடிப்படியா?"

"நீ வந்து படு ஷோமா, உன் மேல ஏறிக்கறேன். இந்தப் பக்கத்து மேடு எல்லாத்தையும்விட ஒசரம்."

எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: "செயலாளரே, அந்த மலைய ஒரு தடவ பாத்துட்டுப் போயிட்டா எனக்குப் போதும்."

கடைசி ஞாயிற்றுக்கிழமை துடைப்பத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஆர்லெட் முன்னால் போக வேண்டும் என்று ஷோமா உத்தரவு போட்டார். வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. எல்லாம் சரியாகத்தான் போனது, கிஸ்லேனின் சக்கரத்தில் ஒரு கம்பி அறும்வரை. கிஸ்லேன் புதியவர். லியோன் நகரத்து நோட்டரி அலுவலகத்தில் எழுத்தர். விலையுயர்ந்த சைக்கிள், மெல்லிய கால்கள். சக்கரம் வளைந்து சட்டத்தில் உரசியது. எனக்கு அதைச் சரிசெய்யத் தெரியாது. எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்ல ஷோமாவைக் கைபேசியில் அழைத்தேன். "என்னது, சக்கரம் போச்சா?" என்று மேலே அவர் கத்தியதை, அவர் பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஆர்லெட் கேட்டுவிட்டார்.

கணவாய்க்கு ஒரு வளைவு கீழே அவர் திரும்பிவிட்டார்.

"ஏம்மா இறங்கி வந்த? இன்னும் ஒரு திருப்பம்தானே பாக்கி!" என்றேன்.

"அந்தச் சக்கரத்த உன் கையில விட்டுட்டு மேல நின்னு என்னத்தப் பாக்கறது? தள்ளு."

"மன்னிச்சுக்குங்க மேடம்" என்றார் கிஸ்லேன். "இது அறாதுன்னு சொல்லித்தான் வித்தாங்க. ரொம்ப விலை."

"விலையெல்லாம் சக்கரத்துக்குத் தெரியாது தம்பி. இதப் பிடி, ஆட்டாத."

அந்த அளவுக் கம்பி அவரிடம் இல்லை. பக்கத்துக் கம்பிகளைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை இறுக்கி, சுண்டிக் கேட்டு, மறுபடி தளர்த்தி, சக்கரத்தை உரசாமல் ஓடவைத்தார். அவசரப்படவே இல்லை. நாங்கள் மூவரும் கணவாயை அடைந்தபோது அங்கே வெள்ளைப் புகைதான் இருந்தது. யாரும் கேலி பேசவில்லை. ஷோமா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன்யா எழவு வீடு மாதிரி நிக்கறீங்க? சாப்பாடு ஆறிடும், கிளம்புங்க" என்றார் ஆர்லெட்.

மதியம் ஆற்றோரத்து ஊரான ஷவனேயில் திராட்சை அறுவடை நடந்துகொண்டிருந்தது. தோட்டக்காரர் வினியேயின் கொட்டகையில் ஆட்டுப்பாற்கட்டியும் ஒயினுமாக உட்கார்ந்திருந்தபோது மழை பிடித்தது. சரிவிலிருந்து மஞ்சள் வெள்ளம் கூடைகளையும் கொத்துகளையும் அடித்துக்கொண்டு போயிற்று. நின்றபின் வினியே வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"கீழ் ரோட்ட மறந்துடுங்க. போலீஸ் மறிச்சாச்சு. என் தோட்டத்துச் சுவர் பூரா அதுலதான் கெடக்கு."

மிச்சமிருந்தது ஒரே வழி, வந்த வழி. ஷோமா கோப்பையைக் கீழே வைத்தார். "சாப்பிட்டுட்டு, குடிச்சுட்டு, ஒய்யோன் ஏறறதா? எங்கப்பா காலத்துலகூட எந்தப் பைத்தியமும் ஏறினதில்லையே!"

ஆர்லெட் என்னிடம் எதுவும் கேட்காமல் கடைசி இடத்தில் போய் நின்றுகொண்டார்.

ஏற்றம் பெலுசேனில் தொடங்கி ஒரே மூச்சாக மேலே போகிறது. ஈரக் காட்டில் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. முன்னே போனவர்கள் கண்ணுக்கு மறைந்தார்கள். கிஸ்லேன் கடைசி, அவருக்குப் பின்னால் ஆர்லெட், சற்று முன்னால் நான். பாதி தூரத்தில் கிஸ்லேனின் முகம் மெழுகு நிறமாகிவிட்டது. இரண்டு முறை இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்தார். இரண்டு முறையும் ஆர்லெட் பக்கத்தில் நின்று காத்திருந்தார். மரங்களின் உச்சியில் மட்டும் வெயில் இருந்தது, அதுவும் சிவந்துவிட்டது.

அப்போது மேலிருந்து ஷோமா வந்தார். ஏறிய மேட்டைத் தானாக இறங்குகிற ஷோமாவை அன்றுதான் கண்டேன்.

"ஆர்லெட்! அவன விட்டுட்டு வா. சீக்கிரம். வெளிச்சம் போயிடும்!"

"என்னய்யா ஆச்சு?"

"சொல்ல மாட்டேன். வந்து பாரு."

ஆர்லெட்டுக்குப் புரிந்துவிட்டது. கைப்பிடியை இறுக்கியதில் விரல் முட்டிகள் வெளுத்தன. ஆனால் மிதிக்கவில்லை.

"இவரு எனக்கு முன்னாடி போகணும்."

"இன்னிக்கு ஒரு நாள்தானேம்மா!"

"ஆளப் பாரு, நிக்கவே முடியல. இருட்டற நேரத்துல காட்டுல விட்டுட்டு வரச் சொல்றியா?"

"போங்க மேடம்" என்றார் கிஸ்லேன். "நான் மெதுவா..."

"நீ வாய மூடிக்கிட்டு மிதி."

ஷோமா சைக்கிளைத் திருப்பினார். பிறகு மேல் வளைவை நோக்கி, கடையில் ஆளைக் கூப்பிடும் குரலில் கத்தினார். நாலைந்து பேர் சரசரவென்று இறங்கி வந்தார்கள். ஷோமா கிஸ்லேனின் இடுப்பில் ஒரு கையை வைத்து, ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டே தள்ளத் தொடங்கினார். அவர் களைத்ததும் இன்னொருவர் கை வைத்தார், பிறகு இன்னொருவர்.

"ஐயோ, கூசுது!"

"கூசினா மிதிடா!"

கடைசி ஆள் இப்படி ஒரு மூட்டைபோல மேலே போக, அவருக்குப் பின்னால், ஒரு சாண்கூட முந்தாமல், ஆர்லெட் ஏறினார். மூச்சு இரைத்தது.

காடு முடிந்து கணவாய் திறந்தது. முன்னே நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

அத்தனை காலைகளில் நான் பார்த்திருந்தது சூரியனுக்கு முன்னால் நின்ற ஒரு கறுத்த பல். அதைத்தான் மோன் பிளான் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது சூரியன் எங்கள் முதுகுப்பக்கம் இருந்தது. மழை காற்றைக் கழுவியிருந்தது. எங்கள் மலையின் நிழல் ஆற்றைக் கடந்து சமவெளி மேல் பரவிவிட்டிருந்தது. அந்த நிழலுக்கெல்லாம் மேலே, பூமியோடு ஒட்டாததுபோல, ஆல்ப்ஸ் முழுதும் தெற்கிலிருந்து வடக்குவரை எரிந்துகொண்டிருந்தது. நடுவில் மோன் பிளான் சிகரமாகத் தோன்றவில்லை. தோள்களும் மடிப்புகளும் பனிச்சரிவுகளுமாக, உயிருள்ள ஒன்று எங்களைத் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது. அதன் ரோஜா நிறத்துக்கு இணையான ஒன்றை அதற்கு முன்போ பின்போ நான் கண்டதில்லை. இவ்வளவு பெரியது அத்தனை காலமும் மாலைதோறும் அங்கே நின்றிருக்கிறது, நாங்களோ அந்த நேரத்தில் கீழே சாலையில் வீட்டை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தோம்.

ஆர்லெட் தலைக்கவசத்தைக் கழற்றினார். சைக்கிளை யாரோ வாங்கிக்கொண்டார்கள். மலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"எவ்வளவு தூரம் செயலாளரே?"

"நேர்கோட்டில நூத்தி எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல."

"அங்கிருந்து பாத்தா நாம தெரிவோமா?"

"ஷோமாவோட வயிறு தெரியும்" என்றார் கிஸ்லேன், புல்லில் மல்லாந்து கிடந்தபடி. அன்று முதல் அவர் எங்களில் ஒருவர்.

நாங்கள் நின்ற இடம் இருண்டது. மலைமேல் வெளிச்சம் இன்னும் நின்றது, பிறகு அடியிலிருந்து மேலாகச் சாம்பல் ஏறி, உச்சியில் ஒரு நூலளவு மிஞ்சி, அதுவும் அணைந்தது. ஆர்லெட்டின் கன்னம் நனைந்திருந்தது. அவர் துடைக்கவில்லை.

இறங்க வேண்டியிருந்தது. இருட்டுவதற்குள் வீடு திரும்பும் கணக்கில் வந்தவர்கள், எவரிடமும் விளக்கு இல்லை. ஆர்லெட்டின் பையில் மட்டும் ஒன்று இருந்தது. அதைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போனார். எங்கள் பக்கத்துச் சரிவிலிருக்கும் பெசா ஊர்வரை அந்த ஒற்றை வெளிச்சத்தைப் பார்த்து நாங்கள் எல்லோரும் வரிசையாக இறங்கினோம்.