வாய்க்கால் கரையில் பதினொரு பெண்கள்

2012ஆம் ஆண்டு, சுவிஸ் குடியுரிமைக்கான நேர்காணலில் நான் தோற்றேன். இருபத்தாறு கன்டோன்களின், அதாவது மாநிலங்களின், பெயர்களையும் ஏழு அமைச்சர்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். நேர்காணல் குழுவின் தலைவர் அவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அவர் எங்கள் ஊரில் தச்சுப்பட்டறை வைத்திருப்பவர்.

"நாம் உட்கார்ந்திருக்கும் இந்த நிலத்தை உருவாக்கியவர்கள் யார்?" என்று கேட்டார்.

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. நிலத்தை யாராவது உருவாக்குவார்களா? ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

என் கணவரிடம் குப்பையை எப்படிப் பிரித்துப் போடுவது என்று கேட்டிருக்கிறார்கள். அவர் தேறிவிட்டார்.

"விடும். சுவிஸ் பாஸ்போட் இல்லாமலே இவ்வளவு வருசம் இருந்திட்டம்தானே" என்றார் வீட்டுக்கு வரும் வழியில்.

"பாஸ் கிடைக்கேல்லை எண்டு நான் கவலைப்படேல்லை. பதினெட்டு வருசம் இருந்த ஊரைப் பற்றிக் கேட்டவை. எனக்கு ஒண்டும் தெரியேல்லை. அதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு" என்றேன்.

அப்போது நான் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தேன். மதியச் சாப்பாடு முடிந்தால் மாலை ஐந்தரை மணிவரை ஓய்வு. எல்லோரும் அதை 'சிம்மர்ஸ்டுண்ட' என்பார்கள். ரயிலில் வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுப்பேன். அந்தப் புதன்கிழமை படுக்கவில்லை. பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருக்கும் எங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். புதனும் சனியும் இரண்டு மணி முதல் நான்கு மணிவரைதான் அது திறந்திருக்கும். அத்தனை வருடமும் அதன் வாசலைத் தாண்டித்தான் கடைக்குப் போய்வந்திருக்கிறேன்.

உள்ளே பொறுப்பாளராக, தபால் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "துப்புரவுக்குச் செவ்வாய்க்கிழமை அல்லவா வருவார்கள்?" என்றார்.

"நான் பார்க்க வந்திருக்கிறேன்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. எழுந்துபோய் எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டார்.

மேல்மாடியில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. சுவர் முழுக்க ஒரு பழைய வரைபடம். எங்கள் வீடு, ரயில் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கும் இடம் அதில் ஒரே சதுப்பு நிலம். மேல் பள்ளத்தாக்கிலிருந்து நான்கு குடும்பங்கள் இறங்கி வந்து, சதுப்பின் காய்ச்சலையும் தாங்கிக்கொண்டு வாய்க்கால் வெட்டி, தண்ணீரை ஏரிக்குத் திருப்பியிருக்கிறார்கள். அவர்களை 'முன்னோடிகள்' என்று எழுதியிருந்தது. அவர்களின் மண்வெட்டிகளும் மரச் சப்பாத்துகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. ஜெர்மன் சொற்களை ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை போனபோதுதான் ஜன்னலுக்கு இடப்பக்கம் இருந்த புகைப்படத்தைச் சரியாகப் பார்த்தேன். முன்னால் மண்வெட்டியோடு நான்கு ஆண்கள். கீழே நால்வரின் பெயரும் இருந்தது. அவர்களுக்குப் பின்னால், முதுகுக் கூடையில் கல் சுமந்துகொண்டு பெண்கள். எண்ணினேன். பதினொரு பேர். ஒருத்தி ஒரு கையால் தன் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பெரிய சட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது நானும் அப்படித்தான் பிடிப்பேன்.

கீழே போய்ப் பொறுப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"இந்தப் பெண்களின் பெயர்கள் எங்கே?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "கரையில் அடுக்கிய கல்லெல்லாம் இவர்கள் சுமந்ததுதான். பெயர் தெரியாது. இதுவரை யாரும் கேட்கவில்லை" என்றார்.

ஆறு மாதம் கழிந்தது. அதே மேசை, அதே தலைவர், அதே கேள்வி. இம்முறை நான் நிறுத்தாமல் சொன்னேன். சதுப்பைச் சொன்னேன், காய்ச்சலைச் சொன்னேன், நான்கு குடும்பங்களின் பெயரையும் சொன்னேன். தலைவர் திருப்தியோடு கோப்பினை மூடினார்.

அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம்.

"நான் இன்னும் முடிக்கவில்லை" என்றேன். "பதினொரு பெண்களும் இருந்தார்கள்."

"இல்லை, வாய்க்காலை வெட்டியது ஆண்கள்தான். என் தாத்தா சொல்லியிருக்கிறார்."

இரண்டாவது முறையும் தோற்றால் பிறகு எப்போது கூப்பிடுவார்களோ. ஆனால் அந்த இடுப்பில் இருந்த கையை நான் பார்த்திருக்கிறேன்.

"வெட்டியது ஆண்கள். கல் சுமந்தது பெண்கள். கரைக்குக் கல் வைக்காவிட்டால் அடுத்த வெள்ளத்திலேயே வாய்க்கால் மூடியிருக்கும். படம் மேல்மாடியில், ஜன்னலுக்கு இடப்பக்கம் இருக்கிறது. நாளை புதன்கிழமை. இரண்டு மணிக்குத் திறப்பார்கள்."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. முடிவு கடிதத்தில் வரும் என்றார்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க மாட்டீரோ?" என்றார் கணவர், வீட்டில் நடந்ததைச் சொன்னபோது.

அந்தச் சனிக்கிழமை பொறுப்பாளரே வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "தலைவர் புதன்கிழமை வந்தார். விரலை வைத்து எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார். போகும்போது, அந்த அம்மா சொன்னது சரி என்றார்."

கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. கணவர் அதைச் சமையலறையில் நின்றபடியே உரத்து வாசித்தார். குழு ஒருமனதாக என்னை ஏற்றிருந்தது. அந்த வரியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். பிறகு, "நீர் வெண்டிட்டீர்" என்றார்.

ஐந்தரை மணிக்கு வேலைக்குப் போய்த் தலைமைச் சமையல்காரரிடம் சொன்னேன். அவர் கரண்டியை எடுத்துச் சட்டியில் அடிக்கத் தொடங்கினார். போர்த்துக்கீசப் பெண்கள் மூடிகளைத் தட்டினார்கள். எங்கள் தமிழ்ப் பெடியன்கள் விசிலடித்தார்கள். முகாமையாளர் ஓடிவந்து என்ன சத்தம் என்று கேட்டார். காரணத்தைக் கேட்டதும் அவரும் ஒரு கரண்டியை எடுத்தார். அன்று என்னை ஒரு தட்டுக்கூடக் கழுவ விடவில்லை. சமையலறை நடுவில் கதிரை போட்டு உட்காரவைத்து, விருந்தினருக்குப் பொரித்த ஏரி மீனைத் தலைமைச் சமையல்காரர் தன் கையாலேயே எனக்குப் பரிமாறினார். இரண்டு மீன்களையும் முழுதாகச் சாப்பிட்டேன்.